ஜப்பானிய மௌனத்துக்கு ஒரு பொழிப்புரை

ஒவ்வொரு ஏப்ரலிலும் எனக்கு வேலை போகும், ஜூனில் திரும்ப வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிகம்தான். இடைவெளி விடாமல் வைத்துக்கொண்டால் நிரந்தரம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவான் என்று, என் போன்றவர்களை வருடத்துக்கு இரண்டு மாதம் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வது அந்தக் கல்லூரியின் வழக்கம். ஆறு வருடம் அப்படியே போனது.

ஈஜிபுராவில் வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அங்கே யார் எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வேலை இல்லாத அந்த இரண்டு மாதமும் நான் காலை எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி, ஏதாவது ஒரு நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்ப வேண்டும். இது என் மனைவியின் ஏற்பாடு. "பக்கத்து வீட்ல கேக்கறாங்க. நான் எத்தனை தடவதான் லீவு லீவுன்னு சொல்றது?" என்பாள். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுத்த அவளுக்கு வேலை நிரந்தரம். இங்கிலாந்தின் மாபெரும் நாடகங்களைச் சொல்லிக்கொடுத்த எனக்கு ஏப்ரல் வரை. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததுதான் அதிகம் வலித்தது.

என்னை நிரந்தரமாக்கும் கையெழுத்து ஒருவரிடம் இருந்தது. கல்லூரியின் நிர்வாகக் கமிட்டியில் அவர் சொன்னால் சொன்னதுதான். மாநில அரசில் பெரிய செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறைக்கு முன்பே உத்தியோகத்துக்காக வந்து மல்லேஸ்வரத்தில் வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், மேடையில் ஆங்கிலம் என்று வைத்திருந்தார். என்னை 'மேஷ்ட்ரே' என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் அது வாத்தியாரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். அவர் வாயில் அது 'ஏய், இங்கே வா' என்று ஒலிக்கும்.

அவரே எங்கள் பகுதி திரைப்படச் சங்கத்துக்கும் தலைவர். நான் அதில் உதவிச் செயலாளர். அதாவது நாற்காலி போடுவதும், நுழைவாயிலில் அட்டையைப் பார்த்து ஆளை உள்ளே விடுவதும், தலைவர் பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. சங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். வெளிநாட்டுப் படங்கள் தணிக்கை இல்லாமல் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டுச் சேர்ந்தவர்கள் அதில் பெரும்பாலோர். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் என் காதருகே வந்து, "இதுல ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்பார்கள். நான் "கலை நோக்கில் நிறைய இருக்கிறது" என்பேன். அவர்கள் அதைத் தங்களுக்கு வேண்டியபடி புரிந்துகொண்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கையை இரண்டரை மணி நேரம் நம்பிக்கையோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் சங்கத்துக்குத்தான் ஜப்பானியப் படம் வந்தது. நான் வருடா வருடம் வகுப்பில் நடத்தும் ஆங்கிலத் துன்பியல் நாடகம் ஒன்றை ஜப்பானியர் தங்கள் ஊர்க் கதையாக மாற்றி எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். மனைவி தூண்டிவிட, தன் அரசனையே கொன்று அரியணை ஏறுகிற தளபதியின் கதை. இதில் விசேஷம், படத்தின் இயக்குநர் அந்நாட்டுப் பழைய 'நோ' நாடக மரபைக் கையாண்டிருந்தார் என்பது. முகத்தை முகமூடி மாதிரி அசையாமல் வைத்துக்கொள்வார்கள். குதிகால் தரையைவிட்டு எழாமல் பாதத்தை இழைத்து இழைத்து நடப்பார்கள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. இவ்வளவையும் நான் நூலகத்தில் ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் படித்திருந்தேன். படம் பார்த்ததில்லை.

"மேஷ்ட்ரே, அறிமுக உரை நீங்கதான். நன்னாப் பண்ணிடுங்கோ. அடுத்த மாசம் கமிட்டி கூடறது, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு" என்றார் தலைவர். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

சிறப்பு விருந்தினராக ஒரு ஜப்பானியத் தம்பதியைப் பிடித்தாயிற்று. கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்திருந்த பொறியாளர். மனைவி கல்லூரியில் ஆங்கிலம் படித்தவராம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி. சனிக்கிழமை மதியம் படச்சுருளை ஓட்டிப் பார்த்தோம். பெட்டியின்மேல் ஆங்கில சப்டைட்டில் உண்டு என்று எழுதியிருந்தது. திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள், கீழே வெறும் கறுப்பு. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலைவர் விளக்கைப் போடச் சொன்னார்.

"மேஷ்ட்ரே, உங்களுக்கு நாடகம் மனப்பாடம்தானே?"

"ஆமாம் சார்."

"கதை ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஏறக்குறைய ஒண்ணுதான் சார்."

"அப்பறம் என்ன? ஓரமா மைக்கைப் பிடிச்சுண்டு உக்காருங்கோ. அவா பேசப் பேச நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்கோ."

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், அந்த ஜப்பானிய அம்மாவுக்கு இங்கிலீஷ் நல்லா வருமாம். அவங்களையே கேட்டா..." என்று இழுத்தேன்.

தலைவர் முகம் கறுத்துவிட்டது. "விருந்தாளியைக் கூப்பிட்டு வேலை வாங்கறதா? நம்ம ஊர் மரியாதை என்ன ஆறது?"

அத்துடன் முடிந்தது. மறுநாள் அந்த இருநூறு பேரில் ஜப்பானிய மொழி தெரிந்த இரண்டே இரண்டு பேரை நாங்கள் முதல் வரிசையில் சோபா போட்டு உட்காரவைத்தோம். இருவருக்கும் சந்தன மாலை போட்டோம். அம்மாவுக்குச் சால்வையும் பழத்தட்டும். ஐயாவுக்கு மைசூர்ப் பேட்டா, அதுதான் ஜரிகை வைத்த தலைப்பாகை. அதைக் கழற்றலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் படம் முடியும்வரை அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் திரையின் நடுப்பகுதி தெரியவில்லை. இத்தனை மரியாதையும் செய்த பிறகு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டும் மரியாதைக் குறைவாகப் போய்விட்டது.

படம் ஆரம்பித்தது. நான் திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில், மடியில் நாடகப் புத்தகமும் கையில் மைக்குமாக உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடம் சமாளித்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. நாடகத்தில் மூச்சு விடாமல் பேசுகிற தளபதி இங்கே வாயே திறக்கவில்லை. உட்கார்ந்திருந்தான். பார்த்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். அவன் மனைவியோ உறைந்த முகத்தோடு ஒரு பாயில் அமர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலத்தில் ஐந்து பக்கம் கவிதை கொட்டுகிற இடம் அது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் போயிருக்கும். இருட்டில் தலைவரின் கை மேலெழுந்து, தண்ணீர் இறைப்பது மாதிரி என்னைப் பார்த்து அசைந்தது. பேசு, பேசு. பக்கத்தில் வந்து குனிந்து, "ஜனங்க எழுந்து போயிடுவா, மேஷ்ட்ரே. சும்மா இருக்காதீங்கோ" என்று கிசுகிசுத்தார்.

கமிட்டி அடுத்த மாதம். நான் சும்மா இருக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் மூலநாடகத்தின் தனிமொழிகளை எடுத்து விட ஆரம்பித்தேன். தளபதி குதிரையைத் தடவிக்கொடுத்தால் பேராசை பற்றி ஒரு பத்தி. மரத்தைப் பார்த்தால் விதி பற்றி ஒரு பத்தி. வகுப்பில் பையன்கள் கொட்டாவி விடும் இடங்களையெல்லாம் இங்கே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், அன்று காலை ஒரு கட்டத்துக்குமேல் நான் திரையைப் பார்க்கவே இல்லை.

கொலைக்கு முந்தைய இரவுக் காட்சி. கோட்டை வாசலில் இரண்டு காவலாளிகள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நான் மனசாட்சி, இருள், மனித மனத்தின் பாதாளம் என்று குரலைத் தாழ்த்தி விளாசிக்கொண்டிருந்தேன். அப்போது முதல் வரிசையில் பேட்டா குலுங்கியது. பொறியாளர் சிரிக்கிறார். அவர் மனைவி சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் மட்டும் ஆடியது.

தலைவர் அதைப் பார்த்தார். படம் தொடங்கியதிலிருந்தே அவர் திரையைவிட அந்த சோபாவைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டினால் இவரும் ஆட்டுவார். இப்போது அவர்கள் சிரிக்கவே, தனக்கும் புரிந்துவிட்டது என்று காட்ட உரக்கச் சிரித்தார். தலைவர் சிரித்ததும் பொருளாளர் சிரித்தார். பொருளாளர் சிரித்ததும் நிர்வாகக் குழு சிரித்தது. பின்வரிசைக்காரர்கள், ஏதோ இருக்கத்தான் செய்கிறது, பேட்டா மறைத்ததால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பலமாகச் சிரித்தார்கள். அதன்பிறகு அடக்க முடியவில்லை. அரசன் குத்துப்பட்டான், அரங்கம் சிரித்தது. மூலத்தில் ஆவி வருகிற விருந்தில் சிரித்தது. ஜப்பானியத் தம்பதி மட்டும் சிரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டு, திரும்பித் திரும்பி எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. நீண்ட மரத்தாழ்வாரம். அதன் அந்தக் கோடியிலிருந்து தளபதியின் மனைவி நடந்து வருகிறாள். வசனம் இல்லை, இசை இல்லை. வந்துகொண்டே இருக்கிறாள். அரங்கம்கூட ஏனோ சிரிப்பை நிறுத்தியது. இவ்வளவு அமைதி என் தலையில்தான் விடியும் என்று நினைத்து, மைக்கை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, குற்ற உணர்வின் உளவியலை அவள் இந்தக் கோடிக்கு வந்து சேரும்வரை விளக்கினேன். அப்போது அந்த ஜப்பானிய அம்மா முழுக்கத் திரும்பி என்னையே பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

படம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, குனிந்து வணங்கி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் மிகவும் உழைத்தீர்கள். நடுவில் கொஞ்சம்கூட ஓய்வு எடுக்கவில்லை. நான் நெகிழ்ந்துபோய் மூன்று முறை நன்றி சொன்னேன். பக்கத்தில் நின்ற தலைவரும் நெகிழ்ந்துபோனார். உடனே மேடையேறி, நோ மரபின் உயிரே துயரத்துக்குள் ஒளிந்திருக்கும் சிரிப்புதான், அதை இன்று பெங்களூர் ரசிகர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள், நமது மேஷ்ட்ரு இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதுவார் என்று அறிவித்தார். ஜப்பானியத் தம்பதி கைதட்டினார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்.

மனைவியும் படத்துக்கு வந்திருந்தாள். அவள் நாலாவது வரிசையில் இருந்தாள். அவளுக்கு என் ஆங்கிலமும் முழுக்கப் புரியாது, ஜப்பானியமும் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது, சிவாஜிநகர் தாண்டியதும் சொன்னாள். "அந்தம்மா நடந்து வர்றாங்க இல்ல, அப்ப மட்டும் நீங்க கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க பேச ஆரம்பிச்சதும் பயம் போயிடுச்சு."

"பயம் போனா நல்லதுதானே" என்றேன்.

"இல்லீங்க. பயமா இருக்கணும்னுதானே அப்படி நடந்து வர்றாங்க."

எனக்குச் சுரீரென்றது. நோ நாடகத்தைப் பற்றி நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும்தான் என்ன படித்திருந்தேன், இரண்டு பக்கம்.

கட்டுரை எழுதினேன். இருபது பக்கம், அடிக்குறிப்புகளோடு. துன்பியலுக்குள் சிரிப்பைக் கொண்டுவருவதே ஜப்பானிய மரபின் சாதனை என்று நிறுவினேன். அடிக்குறிப்பில் சொன்ன நூல்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. தலைவர் தன் சிபாரிசுக் கடிதத்தில், ஜப்பானியரே பாராட்டிய அறிஞர் என்று எழுதினார். அந்த ஏப்ரலில் எனக்கு வேலை போகவில்லை. கோடை விடுமுறையில் லுங்கி கட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கும்படி, காலை பத்து மணிக்கு வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு காலம் போனது. நான் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினரானேன். நாடகமும் சினிமாவும் என்று ஒரு தாளைச் சேர்த்தோம். படத்தைப் போட்டுக்காட்ட எந்தக் கல்லூரியிலும் வசதி இல்லை. ஆகவே படத்துக்குப் பதிலாக என் கட்டுரை பாடமானது. கட்டுரையிலிருந்து நோட்ஸ் பிறந்தது, நோட்ஸிலிருந்து கேள்வி பிறந்தது. துயரத்துக்குள் சிரிப்பு என்பதை விளக்குக, பத்து மதிப்பெண். விடைக் குறிப்பைத் தயாரித்தது நான். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஜப்பானில் அரசன் குத்துப்பட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று எழுத, நானும் எட்டு, ஒன்பது என்று போட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

இரண்டாயிரம் தாண்டி சில வருடம் இருக்கும். விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஒரு தாள் என் கைக்கு வந்தது. பேனா அழுத்தி எழுதிய, வரி சாய்ந்த கையெழுத்து. அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு அரைப் பக்கம்தான் பதில். இந்தப் படத்தை நான் சி.டி. வாங்கிப் பார்த்தேன், இதில் சிரிப்பு எதுவும் இல்லை. ஒரு பெண் தாழ்வாரத்தில் நடந்து வரும் காட்சியில் யாரும் எதுவும் பேசவில்லை, அதைப் பார்த்த அன்று நான் தூங்கவில்லை. நோட்ஸில் உள்ளதை எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவுதான்.

என் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திமிர் பாருங்க" என்றேன். விடைக் குறிப்பில் இருந்த எந்தக் கருத்தும் அந்தப் பதிலில் இல்லை. முறைப்படி பூஜ்யம். ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்ததற்காக இரண்டு போட்டேன். என்னைப் பெரிய மனதுக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கட்டைக் கட்டி அனுப்பியாயிற்று. ஆனால் அந்த அரைப் பக்கம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம் கழித்து நானும் அந்தப் படத்தின் சி.டி.யைத் தேடி வாங்கினேன். ஆங்கில சப்டைட்டிலோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். படம் ஓடியது. கோட்டை வாசலில் இரண்டு காவலாளிகள் வந்தார்கள். நான் மனித மனத்தின் பாதாளத்தை விளக்கிய இடம். கீழே எழுத்து வந்தது. புதுச் செருப்பு கடிக்கிறது என்று ஒருவன் சொல்ல, நாளைக்குச் சரியாகிவிடும் என்று மற்றவன் சொல்கிறான். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பேட்டா ஏன் குலுங்கியது என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் சிரித்தது படத்தைப் பார்த்து அல்ல.

பிறகு தாழ்வாரம் வந்தது. கீழே எழுத்து எதுவும் வரவில்லை. அந்தக் கோடியிலிருந்து அவள் வந்தாள். பாதம் மரத்தில் இழைகிற சத்தம் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் கிட்டத்தில். பலகை ஒன்று கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. இருநூறு பேரைக் கேட்கவும் விடவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

மனைவி அவரைக்காயை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரேன், இதுதான் நோ மரபுல..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவள் திரும்பவில்லை. "இப்பவாவது கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

இருந்தேன். திரையில் அவள் இந்தக் கோடிக்கு வந்து சேரும்வரை இருந்தேன். அந்த விடைத்தாளில் பெயர் இல்லை, பதிவு எண் மட்டும் இருந்தது. அதையும் நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அதில் இருந்ததை எழுதிய ஒரே பிள்ளை அது. அதற்கு நான் பத்துக்கு இரண்டு போட்டேன்.